குடை கேட்டு வந்தவர்கள்

பங்குனியில் பாளையங்கோட்டைப் பக்கம் மழை பெய்தது என்று எவராவது சொன்னால், அவர் சொல்லும் மற்றதையும் நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட பங்குனியில்தான் பொருநைப் பேருந்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூன்றாம் பணிமனையில், தவறவிட்ட பொருட்கள் அறைக்கு ஒரே மாதத்தில் நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்திருந்தன. நாற்பத்தொன்றும் குடை. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் பயணி இல்லை. எல்லாரும் அதே பணிமனையின் ஓட்டுநர்கள், நடத்துநர்கள்.

அந்த அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்கு இந்தக் கூத்து புரியாமல் இல்லை. தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று தெரியும். தெரிந்ததால்தான் பயந்தார்.

ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருட நடத்துநர் வேலை. டிக்கெட்டை மெஷினே கொடுத்துவிடுகிற காலம் இது. வண்டியும் சத்தமில்லாமல் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் ‘படியில நிக்காத, உள்ள ஏறிப் போ’ என்று மெஷின் சொன்னால் எவன் கேட்கிறான்? அதனால் நடத்துநர் பிழைத்தார். விசிலும் பிழைத்தது. ஆவுடையப்பனின் விசில் மட்டும் ஒரு மாதமாக மேசை இழுப்பறையில், யாரோ தவறவிட்ட பல்செட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

வந்த வினை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் பணிமனைகளில் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக மனம் சோர்ந்து விழுந்தார்கள். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல். மனச்சோர்வும் காய்ச்சல் மாதிரி ஆளுக்கு ஆள் தொற்றுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க, சங்கம் வெளியூரிலிருந்து ஒரு கணித நிறுவனத்தைக் கூட்டி வந்தது. எல்லார் சட்டைப்பையிலும் பட்டன் அளவில் ஒரு வில்லை ஏறியது. என்ன பேசுகிறோம் என்பதை அது கேட்காது. எவ்வளவு வேகமாகப் பேசுகிறோம், எப்படி நடக்கிறோம், எத்தனை மணி நேரம் தூங்குகிறோம், யார் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதை மட்டும் குறிக்கும். பழைய பதிவேடுகளையும் சேர்த்துக் கணினிக்கு ஊட்டினார்கள். இரண்டு வருடம் இப்படிக் குறித்த பிறகு, இந்த மாசியிலிருந்து எந்த ஓட்டுநரோடு எந்த நடத்துநர் போவது என்று கணினியே ஜோடி போட்டது.

மாசி மாதம் ஒருநாள் மேலாளர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். மேலாளர் கையால் தண்ணீர் வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, இது உங்க தப்பு இல்ல. சில பேரு உடம்புல கிருமி இருக்கும், அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பக்கத்துல இருக்கவனுக்குத்தான் காய்ச்சல் வரும். மனச்சோர்வும் அப்படித்தானாம். ஒருத்தர்ட்ட இருந்து எத்தன பேருக்குப் பரவுதுன்னு ஒரு எண்ணு போடுதாங்க. ஊர்ல சராசரி அரை. உங்களுக்கு மூணே கால்.”

“அப்படின்னா?”

“உங்க கூட டூட்டி பாத்தவங்க எல்லாரும் சோந்து போயிருக்காங்க அண்ணாச்சி. நம்ம டிப்போவுலயே உங்களுக்குத்தான் பெரிய எண்ணு. அதனால இனி வண்டி வேண்டாம், தவறவிட்ட பொருட்கள் அறையில இருங்க.”

சண்டை போடத் தெரிந்த ஆளாக இருந்தால் அங்கேயே மேசையைத் தட்டியிருப்பார். ஆவுடையப்பன் அன்று முழுவதும் தன்னோடு வண்டியில் வந்த ஓட்டுநர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். மனைவியைப் பறிகொடுத்த ராசையா. வீடு இடிந்துபோன பீர்முகமது. அப்பாவோடு ஆறு வருடம் பேசாமல் இருந்து, அவரைக் குழியில் இறக்கிய அன்றுதான் ‘அப்பா’ என்று வாய்விட்டுக் கூப்பிட்ட செந்தூர்பாண்டியன். ஒருத்தன் முகத்திலாவது சிரிப்பு இருந்ததாக ஞாபகம் வரவில்லை. எண் சரிதான் என்று முடிவுகட்டினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார் மனுஷன்.

அறைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் ஏற்றி இறக்குகிற ஒரு சின்னக் கதவு. பொருளை அதன் வழியாகத் தள்ளினால் போதும், ஆளோடு பழக வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கும் இப்படி ஒரு கண்ணாடி இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார்.

ஏனென்றால் வீட்டில் சண்முகவடிவு இருந்தாள். அவள் தையல்காரி. தெருப்பக்கம் ஜன்னலோரம் மெஷின். புதன்கிழமை ஆவுடையப்பனுக்கு வார விடுமுறை. கல்யாணமான காலத்திலிருந்து புதன்கிழமை பகல் முழுக்க அவள் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தைத்த ரவிக்கைகளுக்கு அவர்தான் கொக்கி வைப்பார். விசில் பிடித்த தடித்த விரல்களுக்கு அந்தப் பொடிக் கொக்கி எப்படி அடங்கியது என்பது வடிவுக்கே ஆச்சரியம். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் ஏதாவது கிண்டல் செய்வாள், அவர் ‘ம்’ என்பார். அது போதும் இருவருக்கும்.

எண் வந்த நாளிலிருந்து ஆவுடையப்பன் பின்கட்டுக்குக் குடிபோய்விட்டார். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முருங்கைப்பூ உதிர்ந்தால்கூடத் தன் மூச்சு பட்டுத்தான் என்று நினைக்க ஆரம்பித்தார். கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை மதுரையில் மகள் நாச்சியாருக்கு வளைகாப்பு, அதற்கும் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

“என்ன சொல்லுதீங்க?” வடிவு மெஷினை நிறுத்தினாள். “தலைப்பிரசவத்துக்குப் பிள்ளைய அழைச்சிட்டு வர அப்பன் இல்லாம, நான் மட்டும் போயி நிக்கவா?”

“உன் தம்பியக் கூட்டிட்டுப் போ. பிள்ள இங்க வந்ததுக்குப் பொறவு நான் டிப்போ ஓய்வறையில படுத்துக்கிடுதேன். பிரசவம் ஆயி அவ திரும்பிப் போற வரைக்கும்.”

“மூணு மாசமா?”

“மாசமா இருக்க பிள்ள மேல என் நெழல் விழ வேண்டாம் வடிவு.”

வடிவுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. “முப்பது வருசமா ஒங்க நெழல்லதான நான் கெடக்கேன். எனக்கு என்ன கொள்ள வந்துட்டு? இந்தா, கல்லு மாரி இருக்கேன்.”

“ஒனக்கு வில்லை கெடையாதே. ஒனக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் ஆவுடையப்பன். அவர் குரல் இறங்கிவிட்டது. வடிவு மெஷினை மூடிவிட்டு எழுந்து போனாள். அவள் பேச்சில்லாமல் எழுந்து போனால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மறுநாள் திங்கள்கிழமை, காலை பத்தரை மணிக்கு செந்தூர்பாண்டியன் மூன்றாவது தடவையாகக் குடை கேட்டு வந்தான். இருபத்தெட்டு வயது, தோள் அகலமான பையன். சட்டை தொளதொளத்துக் கிடந்தது.

“கறுப்புக் குடைதானல, இந்தா” என்று ஆவுடையப்பன் கைக்கு அகப்பட்டதைச் சின்னக் கதவு வழியாகத் தள்ளினார்.

“இது பொம்பளப் பிள்ளைவ குடை அண்ணாச்சி. பூப்போட்டிருக்கு.”

“வெயிலுக்குப் பூவென்ன இலையென்ன? கொண்டுட்டுப் போ.”

“அண்ணாச்சி, ஒரு ரெண்டு நிமிசம்...”

“போன்னா போல. இங்கன நிக்காத.”

கதவைச் சட்டென்று இறக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பூக்குடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஆவுடையப்பன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. இவனைக் காப்பாற்றத்தான் விரட்டுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது அவன் போயிருந்தான்.

அவன் இடத்தில் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கணினிப் பை, வெயிலில் நடந்து வந்த சிவந்த முகம். குடை கேட்கப் போகிறாளோ என்று அவருக்குக் கலக்கமாயிற்று.

“ஆவுடையப்பன் சார் நீங்கதானே? என் பேரு நிறைமதி. உங்களுக்கு அந்த எண் போட்டது நான்தான்.”

ஆவுடையப்பன் எழுந்து இரண்டடி பின்னால் போனார். “தள்ளி நில்லுங்கம்மா. கண்ணாடிக்கு இடையில ஓட்ட இருக்கு.”

நிறைமதிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பக்கத்திலிருந்த பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்து, குடைக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு சந்தேகம் சார். நோயைப் பரப்புற ஆளை ஒதுக்கினா நோய் குறையணும். உங்களை ஒதுக்கினதும் இந்த டிப்போவுல மனச்சோர்வு மூணுல ஒரு பங்கு குறையும்னு என் கணக்கு சொல்லிச்சு. ஒரு மாசம் ஆச்சு. குறையல, கூடியிருக்கு. ரெண்டு மடங்கு. என்ன மாறிச்சுன்னு ஒவ்வொரு பதிவா தேடினேன். இந்த மாசம் புதுசா ஒண்ணே ஒண்ணுதான் நடந்திருக்கு. மழையே இல்லாத ஊருல நாப்பத்தொரு குடை தொலைஞ்சிருக்கு. ஏன்?”

“சும்மா வாரானுவ” என்றார் ஆவுடையப்பன். “பாவம், வெவரம் தெரியாம.”

“வண்டியில அவங்ககிட்ட என்ன பேசுவீங்க?”

“நான் என்னத்தப் பேச? ஒண்ணும் பேசதில்ல. கடைசி ஸ்டாப்புல வண்டி பத்து நிமிசம் நிக்கும். சுண்டல் வாங்கிப் பாதி குடுப்பேன். ஒருத்தன் அழுதாம்னு வையுங்க, டைம் ஆகலன்னு சொல்லி இன்னும் ரெண்டு நிமிசம் வண்டிய நிப்பாட்டி வப்பேன். விசில் என் கைலதான இருக்கு.”

நிறைமதி பையிலிருந்து கணினியை எடுத்து, அவரோடு போன ஓட்டுநர்களின் பட்டியலைப் பார்த்தாள். பிறகு, “இவங்க எல்லாம் ஏன் உங்க வண்டிக்கே வந்தாங்க? கணினி வர்றதுக்கு முன்னாடி ஜோடி போட்டது யாரு?” என்று கேட்டாள்.

சூசைமாணிக்கம். பணிமனையின் டைம் கீப்பர், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. ஜோடி போடும் வேலை கணினிக்குப் போனதால், அவரை வாசல் கூண்டில் உட்கார வைத்து வண்டி போவதையும் வருவதையும் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆவுடையப்பனும் நிறைமதியும் அங்கே போனபோது ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“வண்டி நம்பர் எழுதுதேம்மா” என்றார். “வண்டிக்கு முகம் கெடையாது பாருங்க. அதனால சோலி சுளுவு.”

நிறைமதி தன் கணினியைத் திறந்து காட்டினாள். “பன்னிரண்டு வருஷப் பதிவேடு சார். உங்க கையெழுத்து. நடுவுல நடுவுல ‘ஜோடி மாற்றம், நிர்வாகக் காரணம்’னு எழுதியிருக்கீங்க. இருநூத்துப் பதினாறு தடவை. இருநூத்துப் பதினாறு தடவையும் மாத்திப் போட்டது இவரோட. அது என்ன நிர்வாகக் காரணம்?”

சூசைமாணிக்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“சொன்னா எவனுக்காவது வேல போவுமா?”

“போகாது. நான் பொறுப்பு.”

“வெள்ளனே வந்து கையெழுத்துப் போடும்போது முகத்தப் பாப்பேன். ஒருத்தன் கேன்டீன் பக்கம் போவாம நேரா வண்டிக்குப் போவான். ஒருத்தன் தேதியத் தப்பா போடுவான். ஒருத்தன் என்னய கும்புடாம போவான். சரி, இவன் மனசுல என்னமோ கெடக்கு, இவனுக்கு ரெண்டு வாரம் ஆவுடையப்பன் அப்படின்னு மாத்திருவேன். தெளிஞ்சதும் பழையபடி போட்டுருவேன்.”

“அதைக் காரணம்னு எழுதியிருக்கலாமே சார்!”

“எழுதவா?” சூசைமாணிக்கத்துக்குக் குரல் ஏறியது. “மனசு சரியில்லன்னு ஒரு வரி எழுதினா ஸ்டியரிங்க விட்டு எறக்கிருவான் தாயீ. மெடிக்கல் போர்டு, ஆறு மாசம் வீட்டுல. வண்டி ஓட்டுதவன வீட்டுல உக்கார வச்சா அவன் என்னத்துக்கு ஆவான்? அதான் எழுதல. நான் மட்டுமில்ல, எனக்கு முன்னால இருந்தவரும் எழுதல.”

ஆவுடையப்பனுக்கு வாய் திறந்தபடி இருந்தது. “எனக்கே தெரியாதே அண்ணாச்சி!”

“தெரிஞ்சா நீரு அத வேலையால்லா செய்வீரு? தெரியாததுனாலதான வேய் சும்மா பக்கத்துல இருந்தீரு.”

நிறைமதி கூண்டின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் கணக்குல யார் யாரோட இருந்தாங்கன்னு இருக்கு. ஏன் இருந்தாங்கன்னு இல்ல. சோர்ந்தவங்க எல்லாரும் இவர் பக்கத்துல இருந்தாங்க, அதனால இவர்தான் சோர்வைக் கொடுத்தார்னு...”

“டாக்டர் வாசல்ல சீக்காளி கூட்டம் நிக்கதப் பாத்துட்டு, இந்தாளுதான் சீக்கப் பரத்துதாருன்னு டாக்டரப் புடிச்சு உள்ள போட்ட கதையா இருக்கு” என்றார் சூசைமாணிக்கம். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான பழக்கத்தில், “டீ குடிக்கேளாம்மா?” என்று கேட்டார்.

இதைக் கேட்ட ஆவுடையப்பன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க நெஞ்சில் ஏற்றி வைத்த கல், இறங்கு என்றதும் இறங்கிவிடுமா என்ன? “அப்ப என் எண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

நிறைமதி அங்கேயே, படியில் உட்கார்ந்தபடியே, கணக்கைத் திருப்பிப் போட்டாள். சூசைமாணிக்கம் முகம் பார்த்து மாற்றிய நாட்களைத் தனியே பிரித்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன ஆயிற்று என்று கணினியைக் கேட்டாள். இரண்டு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று.

“உங்ககிட்ட வந்தவங்க பத்துல எட்டுப் பேர் ரெண்டு வாரத்துல மேல வந்திருக்காங்க சார். நீங்க பரப்பல. எடுத்திருக்கீங்க.” அவள் திரையில் ஒரு நீலக் கோட்டைத் தொட்டாள். “வில்லை வந்த ரெண்டு வருஷத்துக்கு உங்க கோடு இது. அவங்க மேல வரும்போது நீங்க கொஞ்சம் கொஞ்சமா கீழ போறீங்க. ஆனா வியாழக்கிழமை காலையில பாருங்க, பழையபடி மேல. ஒவ்வொரு வியாழக்கிழமையும். இந்த ஒரு மாசம் மட்டும் மேல வரவே இல்ல. யாரையும் பக்கத்துல சேர்க்காம இருந்தும் இறங்கிக்கிட்டே போகுது. புதன்கிழமை என்ன செய்வீங்க?”

“லீவு. வீட்டுல கொக்கி தைப்பேன்.”

“இந்த மாசம்?”

“பின்கட்டுல இருந்தேன்.”

நிறைமதி திரையை மூடினாள். “போன மாசம் உங்களுக்கு நோய் இல்ல சார். இப்ப வருது. அது யார்ட்ட இருந்தும் தொத்தல. நான் கொடுத்தது” என்றாள். கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, வடிவு ஜன்னலோரம் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். விவரம் சொல்லச் சொல்ல மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். கேட்டு முடித்ததும், நூலை அறுத்துவிட்டு, “இத நான் மொத நாளே சொன்னேன். என்ன, எனக்கு எண்ணு போடத் தெரியாது” என்றாள்.

நிறைமதி பையிலிருந்து புது வில்லை ஒன்றை எடுத்தாள். “ஒரு வாரம் இதைப் போட்டுக்கிறீங்களாக்கா? வில்லை இல்லாதவங்க என் கணக்குல வரவே இல்ல. இவர் எங்கிருந்து மேல வர்றார்னு தெரிஞ்சா, நிர்வாகத்துக்கிட்ட நான் ஆதாரத்தோட பேசலாம்.”

வடிவு வில்லையை வாங்கித் துணிக்குப் பட்டன் பார்ப்பது போல் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம் தாயீ. நீங்க நல்ல பிள்ளதான். ஆனா எண்ணிட்டா, அதுக்கும் டூட்டி போட்டுருவானுவ. இன்னைக்கு இவர ஒதுக்கினானுவ. நாளைக்கு இவரால ஆளு தெளியுதுன்னு தெரிஞ்சா, ஓய்வில்லாம நாலு டிப்போவுக்கும் ஓட்டுவானுவ. பொறவு, வடிவு பக்கத்துல வாரத்துக்கு எத்தன மணிக்கூறு உக்காந்தா போதும்னு கணக்குப் பாப்பானுவ. நாங்க என்னத்துக்கு அதெல்லாம்? சும்மா இருந்துட்டுப் போறோம்.”

“அப்போ உங்களுக்கு? உங்களுக்கு எங்கிருந்துக்கா வருது?”

வடிவு பதில் சொல்லாமல் காலுக்குக் கீழே கிடந்த கூடையை இழுத்து ஆவுடையப்பன் முன்னால் வைத்தாள். அதில் ரவிக்கைகள் நிறைந்து கிடந்தன. ஒன்றிலும் கொக்கி இல்லை.

“முப்பத்தெட்டு. கேட்டவங்களுக்கெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு வைக்கத் தெரியாதா என்ன? வைக்க மனசு வரல. ஒரு மாசமா ரேடியோகிட்ட பேசிட்டிருக்கேன் நான்.” அவ்வளவு நேரம் கல்லாக இருந்த குரல் அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்தது.

ஆவுடையப்பன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மூலையிலிருந்து முக்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் ரவிக்கையைக் கையில் எடுத்தார். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை தவறியது. வடிவு வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

“வெள்ளிக்கெழம மதுரைக்கு எந்த வண்டியில போறோம்?” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“உங்க டிப்போ வண்டிதான். டிக்கெட்டு நான் எடுக்கேன், வசூல் பண்ணுன கை காசு குடுத்துப் பழகாது.”

நிறைமதி சொல்லாமல் எழுந்து வெளியே வந்தாள். மெஷின் ஓடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறைமதி சங்கத்துக்கு அறிக்கை எழுதினாள். என் கணக்கு தப்பு, காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் எடுத்துக்கொண்டேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். ஜோடி போடும் வேலை டைம் கீப்பரிடம் திரும்பப் போக வேண்டும், காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட அவருக்கு உரிமை வேண்டும் என்றாள். ஆவுடையப்பனால் ஓட்டுநர்கள் தெளிந்தார்கள் என்ற கணக்கை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை. அது தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கணிதம் படித்தவள் வாழ்க்கையில் முதன்முறையாக, தெரிந்த விடையை எழுதாமல் தாளைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நாச்சியார் கைநிறைய வளையலோடு ஊருக்கு வந்தாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் அப்பா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். ஆவுடையப்பன் அசையவே இல்லை. தோள் மரத்துப்போயிற்று, அதைப் பற்றி ஒருவாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வியாழக்கிழமை முதல் அவருக்குப் பழைய வழித்தடம், ஓட்டுநர் செந்தூர்பாண்டியன். ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதிச் சூசைமாணிக்கம் சுழித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பூக்குடையைத் திருப்பித் தர வந்த செந்தூர்பாண்டியன், “மழை வரலியே அண்ணாச்சி” என்றான். “வராட்டி என்னல, சுண்டல் வரும்லா” என்றார் இவர்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைதான் அந்த அறையில் அவருக்குக் கடைசி நாள். பொருட்களைச் சரிபார்த்து, பல்செட்டை உறையில் போட்டு, விசிலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேரம் மூன்றரை. வெளியே வெயில் கொதித்துக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சின்னக் கதவு வழியாக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளினார்கள்.

எண் நாற்பத்திரண்டு. தொலைந்த பொருள்: குடை. நிறம்: தெரியவில்லை. பெயர்: நிறைமதி.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவள் அந்தக் கணினிப் பையோடு நின்றிருந்தாள். முகம் கழுவி எத்தனை நாளாயிற்றோ. ஒரு வாரத்தில் சட்டை தொளதொளத்திருந்தது.

“நாலு டிப்போவுலயும் உங்கள மாதிரி பதினோரு பேரை ஒதுக்கி வச்சேன் சார்” என்றாள் கண்ணாடி வழியாக. “அதுல பத்துப் பேரை நேர்ல பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டேன். பதினோராவது ஆள் வேலையை விட்டுட்டு எங்கயோ போயிட்டார். விலாசம் இல்ல. ரெண்டு நாளா தேடுறேன். எனக்கு... நான் சும்மாதான் வந்தேன்.”

ஆவுடையப்பன் குடையை எடுக்கவில்லை. எழுந்துபோய்ப் பெரிய கதவைத் திறந்துவிட்டார். பெஞ்சில் கிடந்த குடைகளைத் தள்ளி இடம் பண்ணினார்.

“உள்ள வாங்கம்மா. வெயில் தாழட்டும், இருந்துட்டுப் போலாம். அவர நாம சேந்து தேடுவோம். பஸ்காரனுக்குத் தெரியாத ஊரு உண்டா?”

அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சுண்டல் இல்லை, கடலைமிட்டாய் ஒன்று இருந்தது. உடைத்துப் பாதி கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பாரம் மெல்ல மெல்லத் தன் பக்கம் சாய்வது இந்தத் தடவை அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் நகரவில்லை.

நாளைக்குப் புதன்கிழமை. இன்னும் இருபது ரவிக்கைக்குக் கொக்கி பாக்கி என்று காலையில்தான் வடிவு சொல்லியனுப்பியிருந்தாள்.